மலையும் மழையும் மாறினால் மலையகத்தில் யாருக்கு என்ன ஆகும்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி இது: "இன்னும் 30, 40 வருடத்தில் காடு, ஆறு, மழை எல்லாம் மாறிவிடும், தேயிலைக்கு ஆபத்து என்கிறார்கள். தேயிலை போனால் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பயம்? பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது?"

நேரடியாகவே சொல்கிறேன். தேயிலை போவது மட்டும்தான் விஷயம் என்றால் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. இயற்கை மாறும்போது யாரால் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதுதான் பெரிய விஷயம். மலையகத்தில் அதற்கு விடை பெரும்பாலும் காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பதில் இருக்கிறது. மழை எத்தனை மில்லிமீற்றர் கூடும், வெப்பம் எத்தனை பாகை ஏறும் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்தக் கேள்வியை உலக அளவில் பெரிதாக எடுத்து ஆராய்ந்தது, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2001 முதல் 2005 வரை நடந்த ஆயிரமாண்டு சூழல்தொகுதி மதிப்பீடு. 95 நாடுகளைச் சேர்ந்த 1360 நிபுணர்கள் அதில் வேலை செய்தார்கள். உணவு, குடிநீர், மண் அரிப்பைத் தடுப்பது என்று இயற்கை மனிதருக்குச் செய்து தரும் 24 சேவைகளைப் பார்த்ததில் 15 சேவைகள் சீரழிந்து வருகின்றன என்று கண்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. மனிதர் நன்றாக வாழ்வது என்றால் என்ன என்று சொல்லும்போது அவர்கள் வருமானத்தோடு நிறுத்தவில்லை. வாழ்வதற்கு வேண்டிய அடிப்படைப் பொருள், உடல்நலம், பாதுகாப்பு, நல்ல சமூக உறவு, இவற்றோடு ஐந்தாவதாகத் தன் விருப்பப்படி தெரிவு செய்து செயல்படும் சுதந்திரத்தையும் வைத்தார்கள். 'வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்தானே' என்ற உங்கள் கேள்வி தொடுவது அந்த ஐந்தாவதைத்தான். அது இருப்பவருக்கு மற்ற நான்கில் ஒன்று போனாலும் சமாளித்துக்கொள்ள வழி கிடைக்கும், இல்லாதவருக்கு ஒன்று போனால் மற்றவையும் அதோடு சேர்ந்து போகும்.

மலையகத்துக்கு இது புதிதும் இல்லை, ஒரு தடவை முழுசாக நடந்து முடிந்திருக்கிறது. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. காட்டை வெட்டி எரித்து, மலைக்கு மலை ஒரே பயிராகக் கோப்பியை வைத்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே பயிர், இடையில் தடுக்கக் காடும் இல்லை, அந்த நோயைத் தரும் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றோடு தோட்டம் தோட்டமாகப் பரவின, இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் படுத்தது. தோட்டம் வைத்திருந்தவர்களில் பணம் உள்ளவர்கள் சிங்கோனாவுக்கும் (கொயினா மருந்து எடுக்கும் மரம்) தேயிலைக்கும் மாறினார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இலேயே கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வைத்திருந்ததால் மாறுவதற்கு ஒரு வழி தயாராக இருந்தது. கோப்பிக் காட்டில் வேலை செய்த நம் முன்னோர்களால் எந்தப் பயிருக்கும் மாற முடியவில்லை. ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணியிடம் கடன், கையில் காணி இல்லை. வேலை இல்லாமல் பெருந்தொகையானவர்கள் தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனார்கள், மிஞ்சியவர்கள் அடுத்த பயிருக்கு ஆளானார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இப்போது தேயிலை. தேயிலைச் செடிக்கு ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் பிடிக்கும். அதற்கு மேலே போகப் போக, அதோடு வெயிலும் நீண்டால், விளைச்சல் குறையும். தாழ்நாட்டிலும் இடைநாட்டிலும்தான் இந்த அடி முதலில் விழும், உயர்ந்த மலைகளில் கொஞ்சம் சூடு ஏறினால் கொழுந்து கூடவும் செய்யலாம் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில் வந்த முடிவு. அதைக் கேட்டு நுவரெலியாக்காரர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. மொத்த மழை அதே அளவில் இருந்தாலும் அது பெய்யும் விதம் மாறினால் போதும். மூன்று மாதம் விட்டு விட்டுப் பெய்ய வேண்டியது ஒரு வாரத்தில் கொட்டினால் மேல்மண் ஆற்றோடு போய்விடும், அதன் பிறகு வருவது நீண்ட வெயில். ஊவாப் பக்கத்தைப் பாருங்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் காய்ந்த கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசத்தையே கொடுக்கிறது. பருவக்காற்றின் நேரம் தப்பினால் உலகச் சந்தையில் அந்த வாசத்துக்குக் கிடைக்கும் விலையும் தப்பிவிடும், எந்தத் தொழிற்சாலையிலும் அதைச் செய்து எடுக்க முடியாது.

இது வீட்டுக்குள் எப்படி வருகிறது என்றால், 'பேர்' வழியாகத்தான், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு வழியாகத்தான் வருகிறது. அன்றைக்குக் குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் வந்தால்தான் முழுப் பேர், வராவிட்டால் அரைப் பேர். வெயிலில் செடி துளிர்க்காவிட்டால் அது எடுப்பவரின் குற்றம் இல்லை, ஆனாலும் குறைவது அவருடைய சம்பளம்தான். அதாவது வானிலையின் நட்டத்தைக் கம்பனிக்கு முன்னால் ஏற்றுக்கொள்வது கூடை சுமக்கும் பெண். 2021இல் இதைக் கண்ணால் பார்த்தோம். இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள், அந்த வருடம் நவம்பரிலேயே தடையை எடுத்தும் விட்டார்கள், ஆனால் 2021இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடி கிலோவை ஒட்டி இறங்கிவிட்டது. அதற்கு உரம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நாட்டின் பொருளாதாரமும் அப்போது விழுந்து கிடந்தது. ஆனால் நூற்றைம்பது வருடமாக ஒரே பயிரைச் சுமந்து, மேல்மண்ணை இழந்து, மூட்டை உரத்தில் நின்றுகொண்டிருக்கும் மண் அது என்பது அந்த ஒரு வருடத்தில் வெளியே தெரிந்தது. உயிருள்ள மண் திடீர் மாற்றத்தைக் கொஞ்சமாவது தாங்கும்.

இதே காலத்தில் தெற்கே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நாட்டுத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேலே அவர்களிடமிருந்துதான் வருகிறது. அவர்களுக்கும் அடி விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் காணி அவர்களுடையது. தேயிலை சரிவராவிட்டால் ஒரு பக்கத்தில் கறுவா, மிளகு, வாழை என்று ஏதாவது வைக்கலாம், இரண்டு மரத்தை வளர்க்கலாம், காணியை வைத்துக் கடனும் எடுக்கலாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதில் எதுவும் கிடையாது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போயின, 1992இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின, அங்கேயே தலைமுறையாக வேலை செய்தவர்களின் பெயருக்கு எதுவும் வரவில்லை. 7 பேர்ச், 10 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) என்று வீட்டுத்திட்டங்களில் கிடைத்தது பெரிய விஷயம்தான், கிடைத்தவர்கள் இன்னும் கொஞ்சப்பேர்தான். 'வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்தானே' என்பது காணி உள்ளவர் கேட்கக்கூடிய கேள்வி.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைத்தொடர், நக்கிள்ஸ் இவற்றின் உச்சிக் காடுகள் மழையை மட்டும் நம்பி இருக்கும் காடுகள் இல்லை. மேகமே மரங்களுக்குள் புகுந்து போகும். இலையிலும் கிளையில் தொங்கும் பாசியிலும் பனிமூட்டம் படிந்து சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறங்கும், மழையில்லாத மாதத்திலும் ஓடையில் தண்ணீர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து தண்ணீர் போகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கும் பொலன்னறுவையில் வயல் விதைப்பவருக்கும் இந்த மேகக்காடுதான் பின்னால் நிற்கிறது. அந்தக் காட்டில் பல பத்தாண்டுகளாக மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. வறட்சியா, காற்று மாசா, மண்ணில் ஏதாவதா என்று ஆய்வாளர்களுக்குள் ஒரு முடிவு இல்லை. வெப்பம் ஏறினால் மேகம் தங்கும் உயரமும் மேலே போகும் என்பது அடுத்த கவலை. மற்ற காடுகள் மெல்ல மெல்ல மேலே நகரலாம், நம்முடைய மேகக்காட்டுக்கு நகர இடமே இல்லை, பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். அங்கே மட்டும் வாழும் கொம்பு ஓணானும் மலைத் தேவாங்கு வகையும் அதோடு போய்விடும். அப்படிப் போவதை ஒரு தனி இழப்பாகத்தான் நான் நினைக்கிறேன், மனிதருக்கு அவற்றால் என்ன பயன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கீழே தோட்டத்துக்கு இறங்கினால் பீலி, அதாவது குழாயில் வந்து கொட்டும் ஊற்றுத் தண்ணீர். பல தோட்டங்களில் இன்றைக்கும் குடிக்கிற தண்ணீர் மேலே ஏதோ ஒரு ஊற்றிலிருந்து குழாய் போட்டு வருவதுதான், சுத்திகரிப்பு என்று எதுவும் நடப்பதில்லை. ஊற்றுக்கு மேலே இருந்த சோலையை வெட்டி விறகுக்கென்று யூக்கலிப்டஸ் வைத்த இடங்களில் பீலி மெலிந்துபோனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். வேகமாக வளரும் மரம் வேகமாகத் தண்ணீர் குடிக்கும், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஊற்று வற்றினால் தூரம் நடந்து எடுப்பது யார்? பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் வந்தால் உரமும் மருந்தும் அதே குழாயில் வரும். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கிழங்கும் லீக்ஸும் எவ்வளவு மருந்தோடு விளைகிறது என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும். நிலத்தடியில் நடப்பதற்கு பண்டாரவளையைச் சொல்லலாம். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டும்போது 2014 கடைசியில் உள்ளே தண்ணீர் பீறிட்டது, மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. மின்சாரம் வேண்டும், தெற்கே வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் ஓரிடத்துக்கு நன்மை போகும்போது எந்த இடத்துக் கிணறு வற்றுகிறது என்ற கணக்கையும் அதே தாளில் எழுத வேண்டும்.

அப்புறம் மண்சரிவு. நம் ஆட்களுக்கு இயற்கை மாற்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரிவான மலையை நிற்க வைப்பது வேர், இன்னொன்று தண்ணீர் வெளியேறும் வழி. பழைய தோட்டங்களில் கான் வெட்டுவது ஒரு முறையான வேலையாக இருந்தது. மலைக்குக் குறுக்கே சரிவு பார்த்து வெட்டிய கான்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து ஓடைக்குக் கொண்டுபோய் விடும். ஆள் குறைந்ததும் முதலில் கைவிட்டது அந்த வேலையைத்தான். இன்றைக்குப் பல மலைகளில் கான் தூர்ந்து, தேயிலை கைவிடப்பட்டு, மானாப்புல் மூடிக் கிடக்கிறது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது, அதே சரிவைச் செங்குத்தாக வெட்டி வீதி போடுகிறார்கள், அடியில் லயம் இருக்கிறது. மழை கூடினால் என்ன நடக்கும் என்று சொல்ல ஒரு நிபுணர் தேவையில்லை.

கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த தாய் தகப்பன்மார் போய்விட்டார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஆபத்து என்று தெரிந்தும் ஏன் போகவில்லை என்று அப்போது வெளியூர்க்காரர்கள் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. எங்கே போவது? லயத்தை விட்டால் வேலை தூரமாகும், போய்க் கட்டிக்கொள்ளக் காணி கிடையாது, வேறிடம் என்று எதையும் யாரும் ஒழுங்காகக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. நான் மேலே சொன்ன ஐந்தாவது விஷயம், தெரிவு செய்யும் சுதந்திரம், இல்லாமல் போவது என்றால் இதுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் அதிகமானவர்கள், பெரும்பாலும் மண்சரிவில். தண்டவாளமும் வீதிகளும் பல இடங்களில் அறுந்து, ஊர்கள் நாள்கணக்கில் தனித்துக் கிடந்தன. சூடான கடலுக்கு மேலே காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், அந்த ஈரம் மலையில் மோதினால் ஒரு நாளில் கொட்டும் மழை கூடும். இது இனிமேல் அடிக்கடி வரக்கூடியது என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்ற அளவுகள் இருக்கின்றன. அந்த அறிவிப்பு இரவு பத்து மணிக்குத் தமிழில், தெளிவாக, லயத்துக் கடைசிக் காம்பரா வரை போய்ச் சேர்கிறதா என்பது வானிலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, நிர்வாகம் சம்பந்தப்பட்டது.

நோய், மிருகம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேல் டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். குளிர் குறையக் குறைய அந்த நுளம்பு மேலே ஏறும், கண்டிக்கு இப்போதே அது பழகிவிட்டது. காடு துண்டு துண்டானதால் சிறுத்தை தேயிலைக்குள்ளேயே குட்டி போடுகிறது, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிச் சாகிறது. குரங்கும் முள்ளம்பன்றியும் வீட்டுத்தோட்டத்தை முடிக்கின்றன, அதனால் கொஞ்சம் மரக்கறி வைத்துச் சாப்பிடலாம் என்றவர்களும் கைவிடுகிறார்கள். காடு பத்திய தேயிலையில் குளவிக்கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகாத தோட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சரி, எதிர்காலம் எப்படிப் போகும்? நான் சொன்ன அந்த மதிப்பீடு 2050 வரைக்கும் நான்கு வழிகளை வரைந்து பார்த்தது. நாடுகள் சேர்ந்து வியாபாரத்தைப் பெருக்கி, சூழல் கெட்ட பிறகு சரிசெய்யும் உலகம் ஒன்று. ஒவ்வொருவரும் தன் வேலிக்குள் பாதுகாப்பைத் தேடும் உலகம் இன்னொன்று, ஏழை நாடுகளுக்கு மிக மோசமாக முடிந்தது அதுதான். எல்லாவற்றையும் தொழில்நுட்பத்தால் நடத்தும் உலகம் மூன்றாவது. ஒவ்வொரு ஆற்றுப்படுகையிலும் உள்ளூர் ஆட்களே தங்கள் நிலத்தையும் நீரையும் கவனித்து, பட்டுத் தெளிந்து திருத்திக்கொண்டு போகும் உலகம் நான்காவது. முதல் வருடங்களில் இந்த நான்காவதில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் சூழல் சேவைகள் தேறி வருகின்றன.

என் அபிப்பிராயத்தில் மலையகம் இப்போது இரண்டாவது வழியில் நிற்கிறது. வனத்துக்கு ஒரு திணைக்களம், தோட்டத்துக்கு ஒரு கம்பனி, நீர்த்தேக்கத்துக்கு ஒரு அதிகாரசபை, எல்லோரும் அவரவர் எல்லைக்குள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வாழும் மக்களுக்கு எந்த எல்லையிலும் பேச்சு இல்லை. நான்காவது வழிக்கு வர வேண்டுமென்றால் முதலில் மக்களுக்குக் காணி வேண்டும். இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. தன் பெயரில் அரை ஏக்கர் இருந்தால் ஒரு குடும்பம் அதில் பலாவும் ஆனைக்கொய்யாவும் மிளகும் வைக்கும், கான் வெட்டும், ஊற்றுக்கு மேலே மரத்தை வெட்ட விடாது. கண்டியைச் சுற்றியுள்ள பழைய வீட்டுத்தோட்டங்கள் காடு மாதிரியே அடுக்கடுக்காக நின்று மண்ணைப் பிடித்திருப்பதைப் பார்த்தாலே புரியும். வருடா வருடம் யாருடையதென்று தெரியாத மண்ணில் இருபது வருடத்தில் காய்க்கும் மரத்தை யார் வைப்பார்கள்? மறுபக்கமும் இருக்கிறது. காணி கொடுக்கும்போது சரிவைப் பார்க்காமல் கொடுத்தால், எல்லோரும் அதில் மரக்கறி மட்டும் போட்டால், மண்சரிவு கூடத்தான் செய்யும். அதனால் எந்த மலை குடியிருக்கத் தக்கது, எது காடாக விடப்பட வேண்டியது என்ற வரைபடமும் காணி உறுதியும் ஒன்றாகவே வர வேண்டும். கைவிட்ட தேயிலை மலைகளில் ஓடைக்கரைகளையும் உச்சிகளையும் உள்ளூர் மரங்களுக்கு விட்டால் போதும், தோட்டக் கம்பனிக்கும் அதில் நட்டமில்லை.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பயமுறுத்த வேண்டாம், அளக்கச் சொல்லுங்கள். தட்டையான அடியும் நேரான சுவரும் உள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால் பள்ளிக்கூட வளவிலேயே மழையை அளக்கலாம், கூரை, மரம் இல்லாத வெளியில் வைக்க வேண்டும், தினமும் காலையில் அதே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். விழிப்பு அளவான 75 மில்லிமீற்றர் எப்போது வருகிறது என்று அவர்களுக்கே தெரியும். பீலித் தண்ணீர் ஒரு வாளி நிறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று மாதம் ஒரு தடவை எழுதி வைத்தால் ஊற்று மெலிகிறதா என்பது இரண்டு வருடத்தில் புரியும், பிரதேச சபையிடம் பேசும்போது காட்டக் கையில் ஒரு கொப்பி இருக்கும். இன்னும் ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, சாய ஆரம்பித்த மரம் அல்லது கம்பம், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை விடட்டும் என்று காத்திருக்காமல் வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும், பிறகு கிராம சேவகருக்குச் சொல்ல வேண்டும். 117 என்பது இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும்.